ஸ்லோவில் நிற்காத வண்டி

ஓடும்போது வண்டியில் ஒரு குறையும் இருக்காது. ஆக்சிலேட்டரை விட்ட மாத்திரத்தில் எஞ்சின் அணைந்துவிடும். அமரவிளைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலத்தில், வேகம் குறைக்கும் அந்த இடத்தில்தான் இந்தக் கோளாறு தலைகாட்டும். பின்னால் பஸ் வரும்போது வண்டி அணைவது உயிருக்கே ஆபத்து.

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு மதராசோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லையோரம் இஞ்சிவிளைப் பக்கம் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு மாநில வண்டிகளும் வரும். சிறுவயதில் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். புல்லட்டைக் கொண்டுவந்தவரிடம் அங்கே மெக்கானிக்காக இருந்த ஆசான் முதலில் சொல்வது இதுதான்: “சோக்கை இழுத்துப் பாரும். அப்ப அணையாம நிக்குதுன்னா பெட்ரோல் எத்தல்ல.”

ஆக்சிலேட்டர் மூடியதும் மெயின் ஜெட்டுக்கு வேலை இல்லை. பைலட் ஜெட்டின் மயிரிழைத் துளை வழியாக வரும் பெட்ரோலில்தான் எஞ்சின் உயிரோடு இருக்கும். ஒரு தூசி போதும், அது அடைத்துக்கொள்ள. ஆசான் அதில் இரும்புக் கம்பியை நுழைக்கவே விடமாட்டார். துளை பெரிதானால் ஜெட்டே போயிற்று. மின்வயரை உரித்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குத்துவார். அதிலும் சரியாகவில்லை என்றால், கார்பரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு சொட்டு ஆயில். ஓட்டம் மாறினால் அங்கே காற்று உறிஞ்சுகிறது. சூடானபின் மட்டும் அணைகிற வண்டி என்றால் டேப்பட் இறுக்கம். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. என் விரலையும் பிடித்து வைத்து உருட்டச் சொன்னார். புத்தகத்தில் படித்து மட்டும் பிடிபடாத பாடம் அது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்பரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து ஊற்றக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனாலும் அதே கோளாறு, ஆக்சிலேட்டரை விடும் அதே தருணத்தில். விசித்திரம் என்னவென்றால், அன்று குறைந்தது பெட்ரோல், இன்று பெரும்பாலும் குறைவது காற்று. த்ராட்டில் பாடியின் தகட்டைச் சுற்றிக் கரி படிந்து, மூடிய நிலையில் காற்றுக்கு வழி இல்லாமல் போகிறது. சென்சார்கள் எல்லாம் அளவுக்குள் இருப்பதால் ஸ்கேனர் ‘கோளாறு இல்லை’ என்று காட்டிவிடும். பக்கத்து வீட்டுப் பையனின் கே.எல்.19 பதிவெண் கொண்ட வண்டிக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் முழு த்ராட்டில் பாடியையே மாற்றச் சொன்னார்கள். வேறொரு மெக்கானிக் அதைக் கழற்றி, கிளீனர் நனைத்த துணியால் கரியைத் துடைத்தெடுத்தார். வண்டி ஸ்லோவில் அணையாமல் நின்றது. கழற்றிப் பார்க்க நேரம் கொடுக்காமல், பாகத்தை மாற்ற மட்டும் இளைஞர்களைப் பழக்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது. அவர்களுக்கும் கை இருக்கிறது, காது இருக்கிறது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் என்று எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போய்ப் பெட்ரோல் அடிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். எந்தப் பக்கம் அடித்தாலும் இன்று அதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். மழைமாதங்களில் வண்டியை நிறுத்திப்போட்டால் ஃப்ளோட் சேம்பரின் அடியில் தண்ணீர் தங்கி, பைலட் ஜெட்தான் முதலில் அடைபடும். நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் டேப்பை மூடி, சேம்பரில் மிச்சமிருப்பதை வடித்துவிடுங்கள்.