பழைய டெஸ்க்டாப்பும் புது வைஃபையும்

கேள்வி: பத்து வயதான டெஸ்க்டாப்பை வீட்டு வைஃபையில் இணைக்க வேண்டும். புதிதாகவே வாங்கச் சொல்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: பர்ஸைத் திறக்காதீர்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டரே போதும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் வேகத்தை விழுங்கிவிடும் என்பார்கள். அதன் உச்சவரம்பு நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் பாதியே தேறினாலும் 100 மெகாபிட் இணைப்புக்குத் தாராளம். நிஜ வில்லன் கேபினட்தான். அடாப்டரைப் பின்பக்கம் செருகினால், ரூட்டருக்கும் அதற்கும் நடுவே அந்த இரும்புப் பெட்டி நந்தி மாதிரி நின்று சிக்னலை மறிக்கும். ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, அடாப்டரை மேசைமேல் கொண்டுவந்து வையுங்கள். இரண்டு அலைவரிசையும் உள்ள அடாப்டராக இருக்கட்டும்: ரூட்டர் அதே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் தரும், சுவர் தாண்டி வர 2.4தான் கெட்டி.

அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கவே இன்டர்நெட் வேண்டுமே என்கிறீர்களா? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து, யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். மகன் பக்கம் நியாயம் இருப்பது ஒரே இடத்தில்: டெஸ்க்டாப்பில் இன்னும் விண்டோஸ் 7 ஓடினால், அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரியிலேயே பொதுவாக நின்றுவிட்டன. அதற்கும் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம், லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.