இல்லக் கணினிகளுக்கிடையே கோப்புப் பரிமாற்றம்: காட்சி, கருதல், அனுமதி குறித்த ஓர் ஆய்வு

ஒரே வீட்டில் இரண்டு கணினிகள். ஒன்று கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில். மற்றது மாடியறையில். கூடத்துக் கணினியின் டி டிரைவில் 'நியூ ஃபோல்டர் (2)' என்ற பெயரில் கல்யாணப் படங்கள் கிடக்கின்றன. அவை மாடிக்குப் போக வேண்டும். இரண்டு கணினிகளும் வைஃபையில் இருக்கின்றன. இரண்டிலும் இணையம் வருகிறது. கடல் தாண்டியிருக்கும் பேரன் வீடியோ காலில் தடங்கலின்றிச் சிரிக்கிறான். படங்கள் மட்டும் படியேற மறுக்கின்றன. இது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இத்துணைச் சிறிய பொருளுக்கு ஆய்வு வேண்டுமோ எனின், வேண்டும். இதனினும் சிறியவற்றுக்குப் பட்டம் வழங்கப்பட்டிருப்பதைப் பல்கலைக்கழக நூலக அடுக்குகள் அறியும்.

ஆய்வின் எல்லை விண்டோஸ் இயங்கும் இல்லக் கணினிகள். அலுவலகங்கள் விலக்கப்படுகின்றன, அங்கே இந்தத் துன்பத்துக்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார். ஆப்பிள் கணினிகளை விலக்க வழியில்லை. 2013-இல் மாவெரிக்ஸ் பதிப்போடு அவையும் கோப்புப் பகிர விண்டோஸ் பேசும் அதே எஸ்எம்பி நெறிமுறையைத் தம் முதன்மை வழியாக்கிக்கொண்டன. ஆகவே துன்பத்தில் அவற்றுக்கும் பங்குண்டு.

இக்கட்டுரையின் கோட்பாடு ஒன்றுதான். ஒரு கணினி இன்னொன்றின் கண்ணுக்குத் தெரிவது வேறு. அதை எட்ட முடிவது வேறு. எட்டியபின் அது நம்மை உள்ளே விடுவது வேறு. வீடுகளில் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, 'கனெக்ட் ஆகல' என்று ஒரே வாயில் முடித்துவிடுகிறார்கள். பிறகு தெரியாததற்குக் கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள். உள்ளே விடாததற்கு ரூட்டரை அணைத்துப் போடுகிறார்கள்.

முன்னோர் வரலாறு

எஸ்எம்பி பிறந்த இடம் ஐபிஎம் நிறுவனம். 1980-களில் அதற்கு வித்திட்டவர் பாரி ஃபைகன்பாம். மைக்ரோசாஃப்ட் அதைத் தத்தெடுத்து, 1992-இல் 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' வழியாக மேசைதோறும் குடியேற்றியது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அந்நெறிமுறையைத் தாமே கண்டறிந்து, யூனிக்ஸ் கணினிகளும் அதைப் பேச வழி செய்தார். அதுவே சாம்பா. ஆய்வு மாணவர்கள் ஆய்வேட்டைத் தவிர வேறு எதையும் எழுதுவர் என்பதற்கு இஃது உலகளாவிய சான்று.

அக்காலத்தில் ஒவ்வொரு கணினிக்கும் நெட்பயாஸ் என்ற முறைப்படி 15 எழுத்துக்குள் ஒரு பெயர். 16-ஆம் இடம் அது என்ன வேலை செய்கிறது என்பதைக் குறிக்க ஒதுக்கப்பட்டிருந்தது. பெயரின் வாலில் தொழிலை ஒட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

பல ஆய்வாளர் கவனியாது விட்ட செய்தி ஒன்று உண்டு. அந்நாளைய வீட்டு வலையில் தேர்தல் நடந்தது. இது உவமையன்று, அதற்குப் பெயரே தேர்தல்தான். யார் யார் வலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொள்ள ஒரு தலைமைக் கணினி வேண்டும். அப்பதவிக்குக் கணினிகள் தமக்குள் போட்டியிட்டன. இயங்குதளத்தின் பதிப்பு, வகிக்கும் பொறுப்பு, எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பன வரிசையாகப் பார்க்கப்படும். எல்லாம் சமமானால் அகரவரிசையில் முந்திய பெயர் வெல்லும். சாதனை ஒன்றும் வேண்டாம், ஆங்கில முதலெழுத்தில் பெயர் தொடங்கினால் போதும் என்ற நிலை.

வென்ற கணினியின் பட்டியல் எப்படி இருந்தது? ஒவ்வொரு கணினியும் 12 நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று முறை குரல் வராவிட்டால்தான் பெயர் நீக்கம். துணைத் தலைவர்கள் அந்தப் பட்டியலை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுப்பர். ஆகவே திடீரென்று மின்சாரம் போய் அணைந்த கணினி 51 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கலாம். வாக்காளர் பட்டியலில் காலஞ்சென்றோர் பெயர் நீடிப்பதைக் குறை சொல்லும் நாம், அதற்கு ஒரு தொழில்நுட்ப முன்மாதிரி இருந்ததை மறத்தலாகாது.

இந்த மக்களாட்சி எப்படி முடிந்தது? 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற கப்பம் கேட்கும் நச்சுநிரல் எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது, போடாதவர் பலர். அவ்வாண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அந்த முதல் பதிப்பு இடம்பெறவில்லை. அதை நம்பியிருந்த தேர்தலும் கூடவே போயிற்று. 2009-இல் விண்டோஸ் 7 கொண்டுவந்த 'ஹோம்குரூப்', ஒரே கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டார் எல்லாருக்கும் கொடுத்தால் போதும் என்ற எளிய ஏற்பாடு. சாமானியருக்குப் புரிந்தது என்ற குற்றத்துக்காகவோ என்னவோ, 2018-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

காட்சி

தமிழ் அளவை நூலார் உண்மையை அறியும் வழிகளில் தலையாயவை எனக் கொண்டவை காட்சி, கருதல், உரை. வீட்டு வலைக்கு இவை அப்படியே பொருந்தும். முதலில் காட்சி. கூடத்துக்கும் மாடிக்கும் இடையே நிகழும் உரையாடல் தமிழ்கூறு நல்லுலகில் பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது:

"அப்பா, நெட்வொர்க்னு இருக்கும், அதைத் திறங்க. என் சிஸ்டம் தெரியுதா?"

"பிரிண்டர் தெரியுதுப்பா."

"அது வேணாம்."

"டிவி தெரியுது. நம்ம டிவிதான், கம்பெனி பேரு போட்டிருக்கு."

"டிவியை விடுங்கப்பா. என் சிஸ்டம்?"

"டிவிதான்ப்பா தெரியுது."

தொலைக்காட்சி தெரிய, கணினி தெரியாதது எதனால்? தொலைக்காட்சி தன்னைத் தானே வலை முழுக்கத் தண்டோரா போட்டுக்கொள்ளும் பிறவி. விண்டோஸ் கணினியோ, தான் இருக்குமிடம் பேருந்து நிலையமா, சொந்த வீடா என்று தெரியாதவரை வாய் திறவாது. வைஃபையில் முதன்முறை சேரும்போது அந்த வலையைப் 'பப்ளிக்' என்று கொண்டுவிட்டால், தன்னை மறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 இதைக் கேள்வியாகக் கேட்கும். நம்மவர் அக்கேள்வியைப் படிக்காமலே மூடிவிடுவர். பிறந்து வளர்ந்த வீட்டைக் கணினி பொது இடமாகக் கருதி ஒடுங்கியிருப்பது இவ்வாறே. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அதைப் 'பிரைவேட்' ஆக்குவது முதற்பணி.

அப்படியும் தெரியாவிட்டால், கண்ணை நம்புவதை விட்டுவிடலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு, அடுத்து மற்றக் கணினியின் ஐபி எண்ணை அடித்து என்டர் தட்டினால், பட்டியலில் தெரியாத கணினியும் திறப்பதுண்டு. காணாதது இல்லாதது ஆகாது என்பதற்கு வேதாந்திகள் இவ்வளவு மலிவான சான்று கிடைக்காமல் பல நூல்கள் எழுத நேர்ந்தது.

கருதல்

புகை கண்டு நெருப்புண்டு என்பது போல, 'பிங்' அடித்துப் பதில் வந்தால் கணினி உண்டு எனத் துணியலாம். பதில் வராவிட்டால் இல்லை எனத் துணியலாகாது. ஃபயர்வால் அந்த விளிக்கு மறுமொழி தரவிடாமல் தடுத்திருக்கலாம். இது புரியாமல் நல்ல கணினியை இறந்ததாக அறிவித்தவர் பலர்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஐபி எண். 1996-இல் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் உள்ளே புழங்கவென்று ஒதுக்கிய எண்களில் 192.168 என்று தொடங்குவது நம் வீடுகளில் மிகுதி. 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து எண் கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அங்கே கோப்பைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் இவ்வியலின் உயிர்நாடி இரண்டு ரூட்டர் வீடு. ஃபைபர் கம்பெனி கூடத்தில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டுப் போகிறது. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று மகன் கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து, 'வேன்' என்று எழுதிய துளையில் செருகுகிறான். அன்று முதல் கூடத்துக் கணினியின் எண் 192.168.1 என்றும், மாடிக் கணினியின் எண் 192.168.0 என்றும் தொடங்கும். இதை வலையியலார் என்ன பெயரிட்டு அழைத்தாலும், இது தனிக்குடித்தனமேயாம். அதிலும் ஒருவழிக் குடித்தனம். மாடிக்காரர் கீழே உள்ள கணினியின் எண்ணை அடித்து அதை எட்டலாம். கீழே இருப்பவர் மாடியை எட்ட முடியாது. மாடியிலிருந்து புறப்படுவது இரண்டாம் ரூட்டரைத் தாண்டிக் கீழே வரும். கீழிருந்து வருவதை யாருக்குக் கொடுப்பது என்று அந்த ரூட்டருக்குத் தெரியாது, எறிந்துவிடும். பெற்றோர், 'மேல போக முடியலப்பா' என்று வருந்துவதும், மகன், 'எனக்கு வருதே' என்று வியப்பதும் இதனாலேயே. இருவர் கூற்றும் உண்மை. இரண்டாம் ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் இரண்டு அடுப்பும் ஒன்றாகும்.

சிலர் வீட்டில் மாடிக் கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கும். விருந்தாளிகள் வீட்டாரைத் தீண்டக் கூடாது என்பதற்காகவே அந்த வலை. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

உரை

மூன்றாம் அளவை, அறிந்தோர் வாய்மொழி. இதில் அக்கா பையனும் யூடியூப் வீடியோக்களும் அடங்குவர். இவர்கள் மொழிவன மூன்று: ஃபயர்வாலை அணை, எஸ்எம்பியின் முதல் பதிப்பை மீண்டும் இயக்கு, ரீஸ்டார்ட் செய். முதல் இரண்டும் இடைச்செருகல், தள்ளுக. 2017-இல் உலகம் அழுததை மறந்தவர் வாக்கு அது. மூன்றாவதைப் பாமரர் மூடநம்பிக்கை என்பர். அதற்கோ காரணம் உண்டு. ஒரே கணினிக்குள் இருவேறு பயனர் பெயரில் ஒரே நேரத்தில் நுழைய விண்டோஸ் விடாது. காலையில் தவறான பெயரில் திறந்த தொடர்பு உள்ளே அமர்ந்திருக்க, மாலையில் சரியான பெயரைத் தந்தாலும் மறுக்கும். மறுதொடக்கம் அந்தப் பழைய தொடர்பை அறுக்கிறது. தவறான பெயரையே சேமித்து வைத்திருந்தால் மட்டும் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' வரை போக வேண்டும்.

அனுமதி

எல்லா அளவையும் ஒத்து, கணினி தெரிந்து, எட்டி, வாசலில் நிற்கிறோம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு பெட்டி திறக்கிறது. வீட்டு ஆய்வுகள் பெரும்பாலும் இங்கேதான் மாண்டன.

அப்பாவின் கணினிக்குக் கடவுச்சொல்லே கிடையாது. 'நம்ம வீட்டுக்குள்ள எதுக்குப்பா?' கடவுச்சொல் இல்லாத கணக்கை அந்தக் கணினியின் முன் அமர்ந்து மட்டுமே பயன்படுத்தலாம், வலை வழியே கூடாது என்பது விண்டோஸின் தீர்மானம். பெட்டியை வெறுமையாக விட்டு என்டர் தட்டுவோர்க்கு விடிவில்லை.

மகன் நாலு இலக்கப் பின் எண்ணால் திறப்பவன். அந்த எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, வலையில் செல்லாது. கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். அது என்ன என்று யாருக்கும் தெரியாது. கணினி வாங்கிய அன்று கடைப் பையன் போட்டது.

'ஷேரிங்கில் எவ்ரிஒன் கொடுத்துட்டேனே' என்பது அடுத்த முறையீடு. அங்கே கொடுத்தது பகிர்வுக்கான அனுமதி. 'செக்யூரிட்டி' என்ற பக்கத்துத் தாவலில் கோப்புறைக்கென்று வேறொரு அனுமதி உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். 'எவ்ரிஒன்' என்றால் ஊரார் எல்லாரும் என்று பொருளும் அன்று. கணக்குச் சொல்லி நுழைந்தவர் எல்லாரும் என்றே கொள்க.

விருந்தினராக நுழையும் குறுக்குவழி ஒன்று நெடுங்காலம் இருந்தது. 2024-இன் விண்டோஸ் 11 பதிப்பான 24எச்2-இல் ப்ரோ வகைக்கும் அது அடைபட்டது. பழைய ஹார்ட்டிஸ்க் பெட்டிகளை ரூட்டரில் செருகி வைத்திருந்தோர் ஒரு அப்டேட்டுக்குப் பின் திகைத்து நின்ற காரணம் இது. வழி எளிது: படங்கள் இருக்கும் கணினியில் 'வீடு' என்றோ வேறெதுவோ ஒரு தனிப் பயனரை உண்டாக்கி, கடவுச்சொல் கொடுத்து, கோப்புறையின் இரண்டு தாவல்களிலும் அப்பயனருக்கு இடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

பிற மதம் மறுத்தல்

இவ்வளவும் நடக்கையில் சமையலறையிலிருந்து, "அந்தப் பென்டிரைவ் எங்க? அதுல போட்டு எடுத்துட்டுப் போ" என்று ஒரு குரல் எழும். இது பென்டிரைவ் மதம். பழையது, வலியது, பெரும்பாலும் வெல்வது. இதை மறுக்க ஒரே ஆயுதந்தான் உண்டு. பழைய பென்டிரைவ்கள் பல ஃபேட்32 முறையில் அமைந்தவை. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. 16 ஜிபி காலியாக இருந்தும் 6 ஜிபி கல்யாண வீடியோவை அது ஏற்காது. வலைக்கு அந்தத் தடை இல்லை. 100 எம்பிபிஎஸ் கேபிள் என்றால் ஒன்பது நிமிடம் போல் ஆகும். பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் அந்தத் தடையும் நீங்கிவிடும் என்பதை ஆய்வு நேர்மை கருதிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சமையலறையில் இதைச் சொல்ல வேண்டாம்.

அச்சுப்பொறிப் பகிர்வு இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அதற்கு இளமையும் ரத்த அழுத்தமின்மையும் தேவை, தகுதியுடையோர் முன்வரலாம். இக்கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோர்க்கு ஒரு வேண்டுகோள் மட்டும்: ரூட்டரைத் தொடுமுன் மாடியேறி, அந்தக் கணினி ஸ்லீப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுப்பி, பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கிவிட்டு இறங்கி வாருங்கள்.