மரம் புரட்டத் தெரியாதவளின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: தேர்வாகாதவள், பழைய மகாபலிபுரம் சாலை, சோழிங்கநல்லூர் சிக்னலில் எங்கோ.

பெறுநர்: மாட்சிமை தங்கிய ஆட்சேர்ப்புக் குழுவினர், கண்ணாடிக் கட்டடம், மேல்மாடி.

பொருள்: பைனரி மரத்தைப் புரட்டத் தவறியமை – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: ‘இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற முகவரியிலிருந்து நேற்று நள்ளிரவு வந்த தங்கள் மின்னஞ்சல்.

ஐயன்மீர், அம்மையீர்,

தங்கள் மடல் கிடைத்தது. ‘அன்புள்ள முதல்பெயர்’ என்று வாஞ்சையோடு ஆரம்பித்திருந்தீர்கள். முதல்பெயரைச் சுற்றி இரண்டு பக்கமும் வளைந்த அடைப்புக்குறி வேறு. என் அப்பா எனக்கு வைத்தது வேறு பெயர். ஆனாலும் தங்கள் கணினியே கூப்பிட்டுவிட்ட பிறகு மறுத்துப் பேச நான் யார்? ‘தங்கள் திறமை எங்களை வெகுவாகக் கவர்ந்தது, எனினும்’ என்று தொடர்ந்திருந்தீர்கள். எந்தத் திறமை என்று சொல்லவில்லை. அந்த இடத்திலும் ஒரு அடைப்புக்குறிதான் இருந்தது. இப்படி ஒரு மடலைச் சரிபார்க்காமல் அனுப்பும் துணிச்சல், மரத்தைச் சரியாகப் புரட்டத் தெரிந்தவர்களுக்கே வரும்.

நான்காம் சுற்றில் என்னைப் பரிசோதித்த தம்பியின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வயது இருபத்தாறு இருக்கும். பின்னால் சுவரில் கிடார் மாட்டியிருந்தார். “மேடம், இந்த பைனரி ட்ரீயை இன்வர்ட் பண்ணுங்க. ரன் பண்ணிப் பாக்கக்கூடாது” என்றார். கணினிக்காரர்களின் மரத்துக்கு ஏற்கெனவே வேர் மேலே, இலை கீழே. தலைகீழாக நிற்கும் ஒன்றை இன்னும் எப்படிப் புரட்டுவது என்று ஒரு நிமிடம் திகைத்துப்போனேன். “மேல்கீழ் இல்ல மேடம், இடது வலது” என்று திருத்தினார். ஒவ்வொரு கணுவிலும் இடப்பக்கப் பிள்ளையை வலப்பக்கமும் வலப்பக்கப் பிள்ளையை இடப்பக்கமும் மாற்றி உட்கார வைக்க வேண்டுமாம். எழுதினால் ஆறேழு வரிதான். எனக்கு நான்காவது வரியில் நாக்கு வறண்டது.

வங்கிகளுக்குப் பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதிச் சம்பாதித்தவள் நான். மாதக் கடைசி ராத்திரியில் சம்பளப் பட்டியல் பாதியில் நின்றுபோனபோது, விடிவதற்குள் ஓட்டிக் கொடுத்திருக்கிறேன். “சர்வர் படுத்துவிட்டது, சீக்கிரம் எழுந்து ஒரு மரத்தைப் புரட்டு” என்று இதுவரை எந்த மேலாளரும் என்னை எழுப்பியதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்லிக் கேட்பார்களே, அந்த வழக்கத்துக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தாலி ஏறிய பிறகு அந்த வீட்டில் யார் பாடச் சொல்லப்போகிறார்கள்? குற்றம் தங்கள் மீது இல்லை. லீட்கோட் என்ற பயிற்சித் தளத்தில் மாதக்கணக்காக உருப்போட்டுவிட்டு வராதது யார் தவறு?

தங்கள் சபை என்னைச் சேர்க்காவிட்டாலும், நான் தன்னந்தனியாக இல்லை என்பதில் ஓர் ஆறுதல். மரம் புரட்டத் தெரியாதோர் சங்கம் என்று ஒன்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். செயலாளர் மேக்ஸ் ஹோவெல். மேக் கணினி வைத்திருப்பவர்கள் மென்பொருள் நிறுவப் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை உருவாக்கியவர். 2015இல் கூகுள் அவரைத் திருப்பி அனுப்பியது. எங்கள் பொறியாளர்களில் பெரும்பாலானோர் நீ எழுதியதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பலகையில் மரத்தைப் புரட்டத் தெரியவில்லை, போய் வா என்றார்களாம். அவரே ட்விட்டரில் இதைவிடக் காரசாரமாக எழுதினார்.

தலைவர் பதவி கென் தாம்ப்சனுக்கு. 1969இல் யுனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியவர். அவர் செய்த பி மொழியிலிருந்துதான் சி மொழியே பிறந்தது. 1983இல் கணினித் துறையின் டூரிங் விருது. அவர் கூகுளில் வேலைக்குச் சேர்ந்தபோது, நிரல்மொழித் தேர்வு எழுதித் தேறாமல் யாரும் நிரலைச் சேர்க்கக்கூடாது என்பது அங்கே விதி. தேர்வை நான் எழுதவில்லை, இதுவரை அதற்கு அவசியமும் வரவில்லை என்று 2009இல் வெளிவந்த ‘கோடர்ஸ் அட் வொர்க்’ நூலின் பேட்டியில் சொல்கிறார். சி மொழியின் தாத்தாவுக்கே சி மொழியில் பரீட்சை! அவரை வேலைக்கு எடுத்த அறையில் தங்களைப் போன்ற ஒருவர் இருந்திருந்தால் மரத்தையும் கொடுத்திருப்பார்.

பொருளாளராக செபாஸ்டியன் ராமிரெஸ் இருக்கட்டும், கணக்கு தெரிந்தவர். ஃபாஸ்ட்ஏபிஐ என்ற கருவியை உருவாக்கியவர் அவர். 2020இல் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்த்தார். ஃபாஸ்ட்ஏபிஐயில் குறைந்தது நான்கு ஆண்டு அனுபவம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை அவர் உருவாக்கியே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. படைத்தவனுக்கே தகுதியில்லாத வேலைக்கு நாம் விண்ணப்பிக்கிறோம் என்றால், நம் தைரியத்தை என்ன சொல்ல.

தங்கள் முதல் சுற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் நன்றி மறந்தவளாவேன். கேமராவைப் போட்டுவிட்டு எழுதும் இணையத் தேர்வு. யோசிக்கும்போது நான் விட்டத்தைப் பார்ப்பேன், பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். ‘பார்வை திரையை விட்டு விலகியது, இது முதல் எச்சரிக்கை’ என்றது மென்பொருள். அடுத்த கேள்விக்கு யோசிக்காமல் பதில் எழுதினேன், தேறிவிட்டேன்.

அந்தத் தேர்வின் கேள்விகளில் ஒன்று, வரிசையாக அடுக்கிய எண்களை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடும் பைனரி தேடல். பத்து நிமிடம் கொடுத்தீர்கள். ஜாவா மொழியின் சொந்த நூலகத்தில் இருந்த அதே தேடலில் ஒரு பிழை ஒன்பது ஆண்டுக் காலம் ஒளிந்திருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் ஊருக்கெல்லாம் சொன்னார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு முனைகளின் இட எண்களைக் கூட்டும்போது, பட்டியல் மிகப் பெரிதாக இருந்தால் கூட்டுத்தொகை கொள்ளளவைத் தாண்டிவிடும். அவ்வளவு பெரியவர்கள் ஒன்பது ஆண்டு பார்க்காததை நாங்கள் பத்து நிமிடத்தில் பார்த்துவிட வேண்டும், விட்டத்தைப் பார்க்காமல்.

இரண்டாம் சுற்றில் எச்.ஆர். அம்மையார் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கேட்டார். சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்பு? சொன்னேன். எல்லாவற்றிலும் அறுபது சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம், “த்ரூஅவுட்”. எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. என் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஓய்வுபெற்றுப் பேரன் எடுத்துவிட்டார். அந்த மதிப்பெண்ணை இன்னும் தேடுகிறவர்கள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். பிறகு, உடனே சேர முடியுமா என்றார். இப்போது இருக்கும் இடத்தில் நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம். “எங்களுக்கு இம்மீடியட் ஜாயினர்தான் வேணும்.” தங்கள் நிறுவனத்தில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று மெல்லக் கேட்டேன். மூன்று மாதமாம். நீங்கள் ஆளை விடமாட்டீர்கள், அடுத்தவர் மட்டும் உடனே விட வேண்டும். இந்த நியாயத்தைப் புரட்டிப் பார்த்தால் தங்களுக்கும் பிடிக்காது.

அடுத்து, “நடுவுல ஒரு கேப் இருக்கே?” என்றார்.

இருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம். குளிப்பாட்ட, திருப்பிப் படுக்க வைக்க, மருந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. நான் இருந்தேன். அதற்கு ‘கேப்’ என்று பெயர் வைத்து, “அந்த டைம்ல ஸ்கில்ஸ் எதாவது அப்டேட் பண்ணீங்களா?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? படுக்கைப் புண் வராமல் ஒரு மனிதரை எப்படிப் புரட்டுவது என்று கற்றுக்கொண்டேன். அதைக் கேட்க உங்கள் பட்டியலில் கட்டம் இல்லை. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் மேலான சபையின் பண்பாட்டுச் சுற்றில் நான் ஏன் தேறியிருக்க மாட்டேன் என்பதற்கு இதுவே சான்று. அதை நடத்தும் சிரமத்தைத் தங்களுக்கு வைக்காமல் மரமே முடித்துவைத்துவிட்டது.

எஞ்சியிருப்பது அந்த மூன்றாம் சுற்று, வீட்டுப் பாடம். இரண்டு மணி நேர வேலை என்று எழுதியிருந்தீர்கள். சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன், ஞாயிறு ராத்திரி எழுந்தேன். கொடுத்தது ஒரு கடைச் செயலியின் நிரல். கூப்பன் போட்டுவிட்டுப் பின்னால் போய்த் திரும்பி வந்தால் தள்ளுபடி இரண்டு முறை கழிகிறது, அதைத் திருத்த வேண்டும். திருத்தினேன், சோதனைகள் எழுதினேன், எப்படி ஓட்டுவது என்று குறிப்பும் வைத்தேன். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் நடத்தும் கடையின் செயலியில் அந்த வாரம் அதே தள்ளுபடி இரண்டு முறைதான் கழிந்தது, நானே சோப்பு வாங்கிப் பார்த்தேன். இப்போது ஒருமுறைதான் கழிகிறது. தற்செயலாக இருக்கும். மரத்தையே புரட்டத் தெரியாத என்னால் இதில் புரட்டு இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

டொனால்ட் கனூத் என்று ஒரு கணினி அறிஞர் இருக்கிறார். மரங்களைப் பற்றி அவரைவிட அதிகமாக எழுதியவர்கள் குறைவு. தன் புத்தகத்தில் முதலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்புவார். 256 சென்ட், பதினாறடிமானக் கணக்கில் நூறு. வங்கி மோசடிக்குப் பயந்து 2008இல் நிஜக் காசோலையை நிறுத்தினார். அதற்குப் பதிலாகச் சான் செரிஃப் என்ற இல்லாத தீவு நாட்டின் இல்லாத வங்கியின் பெயரில் சான்றிதழ் தருகிறார். கிடைத்தவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். ஒரு பிழையைக் காட்டினாலே அவருக்குக் கடன்பட்ட உணர்வு வருகிறது. நான் உங்களுக்குப் பிழையைக் காட்டவில்லை, திருத்திக் கொடுத்தேன். எனக்கு வந்தது அடைப்புக்குறி.

கூகுளின் பணியாளர் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013இல் நியூயார்க் டைம்ஸ் பேட்டியில், நேர்காணலில் புதிர் போடுவது வெறும் நேர விரயம் என்று ஒப்புக்கொண்டார். அதனால் கேட்பவருக்குத் தன் புத்திசாலித்தனத்தின் மீது மதிப்புக் கூடுவதே முக்கியப் பலன் என்றும் சொன்னார். அந்தப் பலன் தங்களுக்கு நிறையவே கிடைத்திருக்கும். மரத்தைத் தாராளமாகக் கேட்டுக்கொண்டே இருங்கள், எங்களுக்கும் பழகிவிட்டது. விண்ணப்பதாரரிடம் வாங்குகிற வேலைக்கு மட்டும் கூலி கொடுத்துவிடுங்கள். கொடுக்க மனமில்லை என்றால் வேலை வாங்காதீர்கள்.

இதைப் படிக்கும் சக விண்ணப்பதாரர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இரண்டு மணி நேர வேலைதான்’ என்று யாராவது கோப்பு அனுப்பினால், திறப்பதற்கு முன் மணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மரம் புரட்டத் தெரியாதோர் சங்கத்தின் சாதாரண உறுப்பினர்.