நெக்கைத் தவிர எல்லாவற்றையும் சரிசெய்தவருக்கு

என் பேஸ் கிட்டாரின் முன்னாள் உரிமையாளரே,

"சின்ன நெக் இஷ்யூதான் ப்ரோ, வாசிக்க வாசிக்க செட் ஆயிடும்" என்று சொல்லி, அதை என் தோளில் மாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டீர்களே, அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டாமல் விட்டால் நன்றிகெட்டவன் ஆவேன். நீங்கள் சொன்னது சத்தியம். குறை சின்னதுதான். அதைத் தீர்க்க நீங்கள் நடத்தியிருக்கும் திருப்பணிதான் பெரியது.

பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ விசையோடு நெக்கை இழுக்கின்றன. மேப்பிள் மரமே ஆனாலும் நாளாவட்டத்தில் முன்பக்கம் வளையும். அதை எதிர்த்துப் பிடிக்கத்தான் நெக்குக்குள் டிரஸ் ராடு என்ற எஃகுக் கம்பியை ஓடவிட்டிருக்கிறார்கள். கிப்சன் கம்பெனியில் வேலைபார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1923இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லியோ ஃபெண்டர்கூட 1950இல் தன் முதல் கிட்டார்களை இது இல்லாமல் செய்து பார்த்துவிட்டு, சரிப்படாமல் சேர்த்துக்கொண்டவர்தான். வளைந்தால் அலன் கீயைப் போட்டுக் கொஞ்சம் முறுக்கு, நிமிர்ந்துவிடும். இப்படி ஒரு திருகாணியை நம்பி உலகமே காலம் தள்ளுகிறது. அடுத்தவர் கண்டுபிடித்ததில் குளிர்காயும் ஆளா நீங்கள்?

கம்பி மேலே தூக்கி நிற்கிறது என்று தெரிந்ததும் முதலில் பிரிட்ஜில் கை வைத்திருக்கிறீர்கள். அங்கே கம்பிகளைத் தாங்கும் சேடில்களைத் தரை தட்டும்வரை இறக்கியதில் அவற்றின் திருகுகள் முள்ளாக மேலே நிற்கின்றன. உள்ளங்கையை அங்கே ஊன்றும் சோம்பேறிகளுக்குத் தக்க பாடம். இறக்கிய பிறகு 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே கம்பி கரகரத்திருக்கும். வளைந்த நெக்கில் சேடிலை மட்டும் இறக்கினால் அப்படித்தான் ஆகும். நீங்கள் அதற்கும் அசரவில்லை. அரத்தை எடுத்து அந்த ஃப்ரெட்டுகளையே தேய்த்துவிட்டீர்கள். பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸை ஃப்ரெட்டே இல்லாமல், பலகைமேல் எபாக்ஸி பூசி வாசித்து உலகப்புகழ் பெற்றார். ஃப்ரெட்டைப் பிடுங்காமலே நீங்கள் அவருக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள்.

ஆனால் உங்கள் முழு மேதைமையும் தெரிந்தது நான்கு திருகுகளைக் கழற்றி நெக்கைத் தனியே எடுத்தபோதுதான். நெக் உட்காரும் குழியில் ஒரு கல்யாணப் பத்திரிகை. முழுசாக இல்லை, நான்காக மடித்த ஒரு துண்டு. மூலையில் மஞ்சள், மடிப்பில் பாதிப் பிள்ளையார், "சுற்றமும் நட்பும்" வரை படிக்க முடிகிறது, "சூழ" திருகுத் துளையில் போய்விட்டது. குழியில் மெல்லிசாக ஒரு தகடு வைத்து நெக்கின் சாய்வை மாற்றுவது தப்பில்லை, ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு மணமக்களின் ஆசியையும் சேர்த்து வைக்கத் தோன்றவில்லை.

அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடந்ததையும், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி மினுங்கியதையும் ஔவையார் பாடியது நினைவிருக்கும். நீங்கள் அந்த இரண்டு பேரையும் ஒருசேர மிஞ்சிவிட்டீர்கள். பேஸின் பாடியைப் பார்த்தால் தொண்டைமான் வீட்டுப் பளபளப்பு, நெக்கைப் பார்த்தால் அதியமான் வீட்டுச் சேதம். நடுவில் போர் ஒன்றுதான் நடக்கவில்லை.

விற்கும்போது பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனையும் சாட்சிக்கு அழைத்தீர்கள். அவருடைய 1962 பிரிசிஷன் பேஸில் கம்பிகள் உயரத்தில்தான் இருந்தன. மோட்டவுன் கம்பெனியின் பாடல்கள் பலவற்றை அதில்தான், ஒற்றை ஆள்காட்டி விரலால் மீட்டினார். உண்மை. 1983இல் அவர் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு அந்த பேஸ் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. உங்களுடையது அப்படித் தொலைந்துவிடாமல் என்னிடம் பத்திரமாக வந்துசேர்ந்திருக்கிறது. யார் கொடுத்துவைத்தவர் என்று சொல்லத் தெரியவில்லை.

இத்தனை கைவரிசைக்கு நடுவே நீங்கள் காட்டிய அடக்கம்தான் என்னை உருக்கிவிட்டது. கிட்டார் பையின் வெளி ஜிப்பில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், அலன் கீ இருந்தது. கூடவே வந்த சாமானை இப்படிப் புத்தம்புதிதாகப் பாதுகாப்பவர்கள் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்து, எட்டாம் ஃப்ரெட் பக்கம் பார்த்தேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு, சுமார் 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் போதும். அதிரும் கம்பி அலைய அந்த இடம் வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் அங்கே ஒரு விசிட்டிங் கார்டு கட்டே குடியிருக்கலாம். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, கீயைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து, மரம் அடங்கும்வரை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் திருப்பினேன். நெக் நிமிர்ந்துவிட்டது. உங்கள் உழைப்பையெல்லாம் ஒரு நொடியில் அவமதித்துவிட்டதாக எனக்கே கூச்சம்.

நிமிர்ந்ததும் நீங்கள் சத்தமில்லாமல் செய்து வைத்திருந்த இன்னொரு நுட்பமும் வெளியே வந்தது. நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டின் பள்ளங்களையும் அறுத்து ஆழமாக்கியிருக்கிறீர்கள். கம்பியை வெறுமனே மீட்டினாலே முதல் ஃப்ரெட்டில் உரசிச் சலசலக்கிறது. வளைவு இருந்தவரை வளைவே அதை மறைத்துக் காத்தது. ஆக, எலும்பில் கடைந்த புது நட், தேய்ந்த மேல் ஃப்ரெட்டுகளுக்குப் பதில் புது ஃப்ரெட்டுகள், இரண்டுக்கும் கூலி. மொத்தம் கூட்டினால் உங்களுக்குக் கொடுத்த விலையில் பாதியைத் தொடுகிறது. அதை நான் செலவுக் கணக்கில் எழுதவில்லை. குருதட்சிணைக் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஐந்து கம்பி பேஸ் ஒன்று வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை எப்போது விற்கப்போகிறீர்கள் என்று என் எதிரிகள் இரண்டு பேர் ஆவலாகக் கேட்கிறார்கள். தயவுசெய்து முதல் உரிமையை அவர்களுக்கே கொடுங்கள்.