ஒரு சோறு, ரெண்டு பானை

என்னலே பேராண்டி, விடிஞ்சதுல இருந்து நோட்டை முறைச்சுக்கிட்டே இருக்க? நோட்டும் ஒன்னைய முறைக்கி. இங்க கொண்டா. 'ஒரு கோணத்தின் சைன் 3/5. மற்ற விகிதங்களைக் காண்க.' இம்புட்டுத்தானா? இதுக்கா ஒங்கப்பன் மாசாமாசம் டியூசனுக்கு மொய் எழுதுதான்?

கோணம் எத்தனை டிகிரின்னே தெரியலையா? தெரிய வேண்டாம்லே. கல்யாணப் பொண்ணு பேரு தெரியாமலே மூணு பந்தி உக்காந்தவன்தான நீ?

மூணு செண்டிமீட்டரா, மூணு அடியான்னும் கேக்காத. நாப்பது வருசம் கொத்துக்கரண்டி பிடிச்சவன் சொல்லுதேன். ஒண்ணுக்கு அஞ்சு கலவைன்னா, சட்டியால அளந்தாலும் மூட்டையால அளந்தாலும் ஒண்ணுக்கு அஞ்சுதான். விகிதம்ங்கது அதுதான்.

அந்தச் செங்கல் துண்டை எடு. திண்ணையில ஒரு செங்கோண முக்கோணம் போடு. சுவத்துல சாஞ்ச ஏணின்னு வச்சுக்கோ. ஏணிதான் கர்ணம், அஞ்சு. சுவத்துல அது தொடுத உசரம் எதிர்ப்பக்கம், மூணு. தரையில எம்புட்டு?

ரெண்டா! அஞ்சுல மூணு போனா ரெண்டு. ஒண்ணாம் வகுப்பு வாத்தியார் கேட்டா உச்சி குளுந்துருவாரு. ஆனா மூணும் ரெண்டும் சேந்தாலே அஞ்சுதான வருது? அப்புறம் முக்கோணம் எங்க நிக்கும்? திருவிழா முடிஞ்ச மறுநா ஒங்க மாமன் கெடந்த மாதிரி தரையோட தரையா நீட்டிப் படுத்துரும். ஒன் ஏணியில நான் ஏறமாட்டேன்பா.

வர்க்கத்தைக் கழிக்கணும்லே. அஞ்சஞ்சு இருவத்தஞ்சு, மும்மூணு ஒம்பது, மிச்சம் பதினாறு. அதுக்கு வர்க்கமூலம் நாலு. வானம் தோண்டுததுக்கு நூல் பிடிக்கையில, ஒரு பக்கம் மூணு அடி, மறுபக்கம் நாலு அடி குறிச்சிட்டு, குறுக்க அஞ்சு வருதான்னு பாப்போம். வந்தா மூலை மட்டம். பித்தாகரசு எங்களுக்குக் கூலியா குடுத்தாரு?

நாலு கெடச்சா மிச்சம் தானா வரும். கொசைன் 4/5, டேன் 3/4. மூணையும் தலைகீழா நிப்பாட்டு: கொசீக்கன்ட் 5/3, சீக்கன்ட் 5/4, கோடேன்ஜென்ட் 4/3. சந்தேகம்னா சைனையும் கொசைனையும் வர்க்கமாக்கிக் கூட்டு. 9/25, 16/25, ரெண்டும் சேந்தா ஒண்ணு. வரலைன்னா எங்கயோ கலவை தப்பு.

பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு அதுக்குள்ள பேட்டைத் தூக்கிட்டியே! உக்காருலே. கேள்வி வாலுல என்ன போட்டிருக்கான்? 'கோணம் இரண்டாம் கால்பகுதியில் உள்ளது.' வினையே அதுலதான் இருக்கு. சைன் 3/5 வாரது முதல் கால்பகுதியிலயும் உண்டு, ரெண்டாவதுலயும் உண்டு. ஏணிக்கால் ஊணுன எடத்துலயே இருக்கு. வலப்பக்கச் சுவத்துல சாஞ்சது இப்ப இடப்பக்கச் சுவத்துல சாயுது. உசரம் அதே மூணு. தரையில போன நாலுதான் மைனஸ் நாலு. அப்ப கொசைன் -4/5, டேன் -3/4. அதுகளைத் தலைகீழாக்குன ரெண்டுக்கும் மைனஸ் போடு. சைனும் கொசீக்கன்டும் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு சோறு பதம் சரிதான். எந்தப் பானைச் சோறுன்னு பாக்காதவன், அடுத்த வீட்டு ஒலைக்குப் பதம் சொல்லிட்டு வந்துருவான்.

போ, மைனசைப் போடு. திண்ணையில கிறுக்குன கோட்டையும் அழிச்சிரு. ஒங்க ஆச்சி பாத்தா, ராத்திரிச் சோத்துல எனக்கு மைனஸ் போட்டுருவா.