குழந்தையின் கைவண்ணம்

சிவகாசியில் ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரக்கணக்கான அழைப்பிதழ்களை அச்சிட்டுத் தள்ளும் ஆப்செட் யந்திரங்கள் இருக்க, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கடைகடையாய் ஏறியிறங்கி, 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள அட்டையும் ஜிகினாத் தூளும் சாட்டின் ரிப்பனும் சேகரித்து, தம் செல்வத்தின் ஏழாவது ஜன்ம தினத்துக்குக் கையாலேயே பத்திரிகை செய்ய முனைந்திருக்கும் சென்னைப் பெற்றோரின் சிரத்தையை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். அச்சுக்கூலியைவிடச் செலவு அதிகம் என்பது அற்பர்களின் கணக்கு.

இந்தப் புண்ணிய கைங்கரியத்தின் முதல் நியமம், குழந்தையை அருகில் அண்டவிடாமை. பசை கொட்டிவிடும், யானைக்கு ஐந்தாவது கால் முளைத்துவிடும். ஆகவே அது நித்திரை போன பிறகு தாயார் கத்தரிக்க, ஆடிட்டரான தகப்பனார், வருஷக்கணக்காகப் பழகிய தம் முத்தான கையெழுத்தைத் துறந்து, இடக்கையால் பென்சிலைப் பிடித்து, ‘என் பிறந்தநாளுக்கு வாங்க’ என்று கோணல்மாணலாக எழுதுகிறார். ஓர் எழுத்து தப்பித்தவறி நேராக அமைந்துவிட்டால், அந்த அட்டை கழிக்கப்படுகிறது. என்ன தபஸ்!

அத்தனையும் விநியோகமான பின்னரே, தேதியும் நேரமும் எதிலும் இல்லை என்பது புலனாயிற்று. கலா சிருஷ்டியில் இத்தகைய லௌகிக விவரங்களைத் தேடுவது ரசிகர்க்கு அழகல்ல. வேண்டுவோர்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று. நேர்த்தி போதாதென்று குப்பைக்கூடைக்குப் போன நோட்டுத் தாள் ஒன்றில் மட்டும், ‘ந’ தலைகீழாக நின்றாலும், தேதியும் நேரமும் ஸ்பஷ்டமாக இருந்தன. அதைக் குழந்தை எழுதியிருந்தது.