காக்கைவன்னியனுக்காக ஒரு வழக்கு

வன்னியில் ஒருவனைத் துரோகி என்று திட்ட வேண்டுமானால் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. காக்கைவன்னியன் என்றால் போதும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் விளங்கும். வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனை வெள்ளைக்காரனுக்குக் காட்டிக்கொடுத்த பாவி அல்லவா!

அந்தப் பாவிக்காக வாதாட இந்தப் பக்கத்தில் ஒரு அப்புக்காத்தும் வரமாட்டார். ஆகவே நான் எழும்புகிறேன், கனம் நீதிபதி அவர்களே. எங்கள் தரப்பில் ஒரேயொரு சாட்சியம்தான் இருக்கிறது: சம்பவம் நடந்த நேரம் என் கட்சிக்காரர் உயிரோடு இருந்திருக்க வழியே இல்லை. ஏறக்குறைய 180 வருஷ இடைவெளி.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையைப் புரட்டினால் காக்கைவன்னியன் அகப்படுவார். யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம் சூழ்ச்சியாகப் பிடித்துக்கொடுத்த ஆள் என்று அதில் இருக்கிறது. யாழ்ப்பாண அரசு விழுந்தது 1619இல். பண்டாரவன்னியன் வெள்ளைக்காரனோடு மோதியது 1803இல். முதல் வழக்கில் என் கட்சிக்காரர் குற்றவாளிதான், அதை நான் மறுக்கவில்லை. இரண்டாவது வழக்கை அவர் தலையில் கட்டியது பொலிஸ் அல்ல, நாடகம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1803 வெள்ளைக்காரனுக்கு ஏழரைச் சனி. ஜூனில் கண்டியில் இருந்த அவனுடைய படை அழிந்தது. ஓகஸ்ட் 25 அன்று பண்டாரவன்னியன் கண்டிப் படையையும் சேர்த்துக்கொண்டு முல்லைத்தீவில் வந்து விழுந்தான். அங்கே காவலில் இருந்தவர் வொன் டிரிபேர்க் என்ற படை அதிகாரி. மனுசன் கொஞ்ச நேரம் சுட்டுப் பார்த்தார், பிறகு கணக்குப் பார்த்தார், பிறகு ஆட்களையும் கூட்டிக்கொண்டு வள்ளம் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். மானம் போனால் சும்மா இருப்பார்களா? யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை வந்தது. ஒக்ரோபர் 31 அன்று ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், எதிர்பாராத நேரத்தில் டிரிபேர்க் பாய்ந்தார். பண்டாரவன்னியன் தோற்றான்.

மூன்று பக்கத்தாலும் துவக்கோடு வருகிறவனுக்கு வழிகாட்ட ஒரு துரோகி வேண்டுமா? சண்டைக்கு வேண்டாம். மேடைக்குக் கட்டாயம் வேண்டும்.

முள்ளியவளைச் சனத்தைக் கேளுங்கள். விடிய விடியக் கூத்துப் பார்க்கிற சனம். அண்ணாவியார் மத்தளத்தைத் தட்ட, சல்லாரி கிணுகிணுக்க, பாயை விரித்துப் படுத்துக்கொண்டே கோவலன் கூத்தை வரி பிசகாமல் கூடப் பாடும். பொற்கொல்லன் அரங்குக்கு வந்தால் நித்திரையாய்க் கிடந்த கிழவியும் எழும்பி இருந்து மண்ணள்ளித் திட்டும். கோவலன் செத்தது பாண்டியனுடைய நிர்வாகக் கோளாறால் என்று அந்தக் கிழவிக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள். அடுத்த பிடி மண் உங்களுக்கு. கோவலனுக்கு ஒரு பொற்கொல்லன் என்றால் பண்டாரவன்னியனுக்கும் ஒருத்தன் வேண்டாமா? வேலையில்லாமல் வைபவமாலையில் கிடந்த காக்கைவன்னியனைத் தட்டி எழுப்பி, தலைப்பாகை கட்டி, 1803க்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

காட்டிக்கொடுக்கக் காரணம்? காதல்தான். பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சாளை அவன் கேட்டானாம். அவளோ அரசவைப் புலவரை விரும்பினாளாம். வாட்டசாட்டமான சிற்றரசனை விட்டுவிட்டு ஓலையும் எழுத்தாணியுமாய்த் திரிகிற புலவரை ஓர் அரசகுமாரி விரும்புவாளா என்று கேட்காதீர்கள். கதை கட்டியது யார்? புலவர்மார். உடையார்மார் கட்டியிருந்தால் உடையாரைத்தான் விரும்பியிருப்பாள்.

பகிடி ஒரு பக்கம் கிடக்கட்டும். முள்ளியவளை தந்த எழுத்தாளர், ஆசிரியர் முல்லைமணி வே. சுப்பிரமணியம். அவருடைய 'பண்டாரவன்னியன்' நாடகமும் அதன் வழியே வந்தவையும் இல்லாவிட்டால் வன்னியின் கடைசி மன்னன், ஜே. பி. லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1895இல் போட்ட வன்னிக் கையேட்டில் சில வரிகளாகத்தான் கிடந்திருப்பான். பள்ளிக்கூட மேடையில் வெள்ளித்தாள் சுற்றிய மட்டைவாளோடு, வகுப்பிலேயே நிறமான பெடியனுக்குப் பவுடர் அப்பி டிரிபேர்க் ஆக்கி, அவனை மூன்று ஊர்ப் பிள்ளைகள் துரத்தியதால்தான் பண்டாரவன்னியன் என்ற பெயர் வாயில் நிலைத்தது.

நாடகத்துக்காக வருஷத்தை மாற்றுகிற இந்தத் திருகுதாளம் எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. நைஜீரியாவின் வோலே சொயின்கா, கவிஞர், நாடகக்காரர், 1986இல் நோபல் பரிசு வாங்கியவர். ஓயோ என்ற ஊரில் அரசன் இறந்தால் அவனுடைய குதிரைப் பொறுப்பாளனும் கூடப் போக வேண்டும் என்று வழக்கம். வெள்ளைக்கார அதிகாரி குறுக்கே விழுந்து தடுத்துவிட்டான். அந்தச் சம்பவத்தைச் சொயின்கா நாடகமாக்கினார், 1975இல் அச்சில் வந்தது. நாடகத்துக்குத் தோதாக அதைச் சில வருஷம் பின்னுக்குத் தள்ளி உலகப்போர்க் காலத்தில் வைத்தார். வைத்ததை முன்னுரையில் எழுதியும் வைத்தார். சில வருஷம்! எங்கட ஆட்களிடம் படித்திருந்தால் நூற்றெண்பது தள்ளியிருப்பார், முன்னுரையும் மிச்சம்.

ஆனால் அந்த மனுசன் மேடைக்கு வெளியேயும் சும்மா இருக்கவில்லை. 1965இல் இபதான் வானொலி நிலையத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து முதலமைச்சரின் பேச்சு நாடாவை மாற்றினார் என்று வழக்கு, விடுதலையானார். உள்நாட்டுப் போரில் சமாதானம் பேசப் போய் இரண்டு வருஷமளவு மறியலில் கிடந்தார், பெரும்பகுதி தனியறையில். போருக்கு நடுவில் சமாதானம் பேசுகிற கவிஞனை இரு பக்கமும் எப்படிப் பார்க்கும் என்று வன்னியில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கதை விட்டது நாடகக்காரர் மட்டுமா? கற்சிலைமடுவில் வெள்ளைக்காரன் நட்ட நினைவுக்கல்லின் வாசகத்தைப் பாருங்கள். முல்லைத்தீவில் வள்ளம் ஏறியவர் அந்தக் கல்லில் வெற்றிபெற்ற கப்டன். ஓகஸ்ட் 25 பற்றி ஒரு சொல் இல்லை, ஒக்ரோபர் 31 மட்டும் இருக்கிறது. வென்றவன் கையில் உளி இருந்தால் நாட்காட்டியும் அவன் சொற்கேட்கும்.

ஒரு விசயத்தில் மட்டும் கல் நாடகத்தை விட நேர்மையானது. தோற்கடித்தார் என்றுதான் அதில் இருக்கிறது, கொன்றார் என்று இல்லை. மேடையில் பண்டாரவன்னியன் கற்சிலைமடுவில் விழுந்து நீளமாக வசனம் பேசிச் சாவான். சீலை விழ வேண்டுமே. உண்மையில் அவன் அந்தத் தோல்விக்குப் பிறகும் சில வருஷம் வன்னிக் காட்டில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனுக்குத் தலையிடி கொடுத்தான் என்று அவர்களுடைய எழுத்தே சொல்கிறது. கோட்டை இல்லை, கண்டிப் படை இல்லை, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க நேரமும் இருந்திராது. தோற்ற பிறகும் வீட்டுக்குப் போகாத அந்த மனுசன்தான் எனக்குப் பிடித்தவன். அந்த வருஷங்களை மேடையேற்ற ஒரு நாடகக்காரர் முள்ளியவளையிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வேண்டுமானால் புலவருக்கு இன்னொரு கலியாணமும் செய்து வையுங்கள். காக்கைவன்னியனை மட்டும் 1619க்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.